‘எனக்குத் தெரியும்’ என்ற பொத்தான்

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தீர்கள். பெயரைச் சொல்லி மானத்தை வாங்க மாட்டேன். மலை ஜீப் வலைப்பக்கத்தைப் புது நிரல் மொழியில் மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம், எல்லாம் முடிந்தது, அடியில் ஒரு பொத்தான் மட்டும் எதற்கென்று புரியவில்லை, எடுத்துவிடலாமா மேடம் என்று கேட்டீர்கள். அதன் மேல் ‘எனக்குத் தெரியும்’ என்று எழுதியிருக்கிறதே, இது என்ன விளையாட்டா என்றும் கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.

கோபம்தான். எனக்குக் கோபம் சட்டென்று வரும் என்பது அந்த ஆபீஸில் சுவருக்கும் தெரியும். ஆனால் டீ போட்டுக் குடித்துவிட்டு யோசித்தபோது உங்கள் மேல் தப்பில்லை என்று பட்டது. நிரலில் அந்த இடத்தில் ஒரு வரி விளக்கம்கூட நான் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் என் வண்டவாளமும் சேர்ந்தே ஏறியிருக்கும், அதனால்தான் எழுதவில்லை. இப்போது ரிடையர் ஆகிவிட்டேன், இனி என்ன வெட்கம். உட்கார்ந்து படியுங்கள்.

நம் வேலை என்னவென்று என் சொந்தக்காரர்களுக்கு நான் கடைசிவரை விளங்க வைத்ததே இல்லை. அத்தா, என் அப்பா, கயிற்றுக் கடை வைத்திருந்தவர். “கம்ப்யூட்டர்ல அப்பிடி இன்னாதாம்மா பண்ற?” என்று கேட்பார். ஒரு நாள் உளுந்தூர்பேட்டையில் பஸ்ஸுக்கு நின்றபோது, ஒரு லாரியிலிருந்து இன்னொரு லாரிக்குச் சரக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். “இதான் அத்தா நான் பாக்குற வேல” என்றேன். சர்வரில் ஒரு மொழி, பிரவுசரில் ஒரு மொழி. அங்கே கட்டியதைப் பிரித்து, எழுத்தாக்கி, இங்கே அனுப்பி, மறுபடியும் கட்ட வேண்டும். அத்தா அந்த லாரியையே பார்த்தார். “மூட்ட எல்லாம் வந்துட்டா போதுமா? எது மேல இருந்திச்சி, எது அடில இருந்திச்சின்னு பாக்க வாணாமா? தக்காளி அடில போயிட்டா?” என்றார். நான் சிரித்தேன். அன்று அதை ஒழுங்காகக் காதில் வாங்கியிருந்தால் இதை எழுதும் வேலையே வந்திருக்காது.

ஜீப் பக்கத்துக்கு வருகிறேன். அப்போது கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகவில்லை. நம் ஆபீஸ் பாத்திரக் கடை மாடியில் இருந்தது. கீழே அண்டா தட்டுகிற சத்தத்தில்தான் மேலே நிரல் எழுதுவோம். ஒரு தொண்டு அமைப்பு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓர் அறை எடுத்து, கல்வராயன் மலைக்காக ஓர் உதவி எண் நடத்திக்கொண்டிருந்தது. மலையில் யாருக்காவது பிரசவ வலி, பாம்புக்கடி, எதுவானாலும் அந்த எண்ணுக்குப் போன் வரும். ஆம்புலன்ஸ் மேலே எல்லா ஊருக்கும் ஏற முடியாது. ஜீப்தான் ஏறும். எந்த ஜீப் கிட்டத்தில் இருக்கிறதோ அதை அனுப்பி, ஆளை ஆஸ்பத்திரிக்கோ ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்துக்கோ கொண்டுவந்து சேர்ப்பார்கள். அதற்கு ஒரு வலைப்பக்கம் வேண்டும் என்று எங்களிடம் வந்தார்கள். அதை நான் எழுதினேன்.

எழுதும்போதே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன். அதுவரை அந்த அறையில் யார் போனை எடுக்கிறார்களோ, அவர்களுக்குத் தெரிந்த டிரைவரைக் கூப்பிடுவார்கள். மாமன், மச்சான், கூடப் படித்தவன். இது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் பக்கத்தை இறுக்கிக் கட்டினேன். ஊரின் பெயரைப் போட்டால், எந்த வண்டி எந்த ஊரில் நிற்கும் என்ற கணக்கை வைத்து, வண்டிகள் கிட்டத்திலிருந்து தூரம் வரை வரிசையாக வரும். முதலில் இருக்கும் வண்டியின் போன் நம்பர் மட்டும்தான் தெரியும். அந்த டிரைவர் முடியாது என்று சொன்னாலோ, ஐந்து நிமிடம் எடுக்காமல் இருந்தாலோதான் அடுத்த நம்பர் திறக்கும். வருகிறேன் என்று ஒருவர் சொல்லிவிட்டால் மற்ற வண்டிகள் பூட்டிக்கொள்ளும். “இனிமே ஆள் பார்த்து வண்டி போகாது” என்று திறப்பு விழாவில் மைக்கில் சொன்னேன். கைதட்டினார்கள். நன்றாகத்தான் இருந்தது.

ஜீப்காரர்களின் ஸ்டாண்டு வழக்கம் ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். சங்கத்தில் முதலில் சேர்ந்த வண்டிக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு என்று நம்பர் கொடுத்துவிடுவார்கள். வண்டி மாறினாலும் நம்பர் மாறாது. கண்ணாடியில் பெரிதாக எழுதியிருக்கும். சங்கம் ஆரம்பித்தது அடிவாரத்தில், கச்சிராயபாளையத்தில். அதனால் சின்ன நம்பர் எல்லாம் அடிவாரத்து வண்டிகள். மேலே வெள்ளிமலை, சேராப்பட்டுப் பக்கத்து டிரைவர்கள் பின்னால் சேர்ந்தவர்கள். அவர்கள் நம்பர் இருபதுக்கு மேல். ஒன்றாம் நம்பர், சங்கத் தலைவர் கோவிந்தன் அண்ணனுடையது. சின்ன நம்பர் என்றால் அங்கே ஒரு தனி மரியாதை.

பக்கத்தைச் சோதித்துப் பார்க்க நான் கச்சிராயபாளையம் போனேன். ஸ்டாண்டிலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்து, கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். அடிவாரத்து ஊர்கள் ஐந்தாறைப் போட்டுப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்தது. அந்த வண்டிகள்தான் கண்ணெதிரே நிற்கின்றனவே, சரிதான். மேலே ஏறிப் பார்க்கவில்லை. வளைவுகளில் எனக்கு வாந்தி வரும். அதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

மூன்று மாதம் ஓடியது. ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஒருவர் படியேறி வந்தார். பெயர் சின்னப்பையன், இருபத்தேழாம் நம்பர் வண்டி, சேராப்பட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர். மலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“இன்னாங்க மேடம், கம்ப்யூட்டர்லயும் ஆளு பாப்பீங்களா?” என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. ஆள் பார்க்கக் கூடாது என்றுதானே இவ்வளவும் கட்டியிருக்கிறேன்! “என்ன பேச்சு இது? யார் சொன்னது உங்களுக்கு?” என்றேன்.

“யாரும் சொல்லத் தாவல. எங்க ஊருக்குப் பக்கத்துல வலின்னா, நான் வூட்டாண்டயே குந்திக்கினு கீறேன். கீழ இருந்து ஒண்ணாம் நம்பர் ஏறி வர்றாரு. தலைவருன்னா அவருதான் மொதல்லயா? அத்த நேரா சொல்லிடுங்க, நாங்க கேட்டுக்கினு போறோம்.”

நான் கணினியைத் திருப்பி அவரிடம் காட்டினேன். அவருடைய ஊரைப் போட்டு, சர்வர் அனுப்புகிற எழுத்தை அப்படியே திரையில் திறந்தேன். அடைப்புக்குறிகளும் மேற்கோள்களுமாக அவருக்கு ஒன்றும் புரியாது, ஆனால் எண் படிக்கத் தெரியும். “இங்க பாருங்க. முதல்ல என்ன எழுதியிருக்கு?”

“இருவத்தேழு.”

“உங்க வண்டிதானே? அப்புறம் என்ன?”

அவர் தலையைச் சொறிந்துகொண்டு அதையே பார்த்தார். “அப்ப ஏன் எனக்கு போன் வர்ல?”

“டவர் இருக்காது” என்றேன்.

அந்த இரண்டு வார்த்தையை இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. ஒரு மனிதர் வேலையைப் போட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்து என் தப்பை என் மேஜையில் வைக்கிறார். நான் அதைத் துடைத்துப் போட்டுவிட்டு அவரை அனுப்பிவைத்தேன். நான் அனுப்பியதைக் காட்டினேனே தவிர, அந்த அறையில் போன் எடுக்கும் பெண்ணின் திரையில் என்ன வந்து சேர்கிறது என்று எழுந்து போய்ப் பார்க்கவில்லை. அந்த அறை எங்கள் ஆபீஸிலிருந்து நடக்கிற தூரம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஊர் முழுக்க எல்லோருக்கும் வரிசை தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. மேலே இருப்பவர்கள் தலைவர் சொல்லி வைத்து வாங்கிக்கொண்டார் என்று நினைத்தார்கள். கீழே இருப்பவர்கள் மேடம் சீனியாரிட்டி பார்த்துப் போட்டிருக்கிறார் என்று நினைத்தார்கள். கோவிந்தன் அண்ணனோ, சங்கத் தலைவருக்குக் கம்ப்யூட்டரே கொடுத்த மரியாதை என்று ஒவ்வொரு தடவையும் டீசலைப் பார்க்காமல் மலையேறினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்தால் அங்கே யாருக்கும் அது கோளாறாகத் தெரியாது. ஸ்டாண்டில் எல்லாமே அந்த வரிசையில்தானே நடக்கிறது!

சின்னப்பையன் வந்து போன இரண்டாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை. மத்தியானம் இரண்டு மணி இருக்கும், நல்ல மழை. அந்த அறையில் பிரிண்டர் ஒன்று மாற்ற வேண்டும் என்று போயிருந்தேன். பொன்னி போனில் இருந்தாள். மலைக்காரப் பெண், சேராப்பட்டுப் பக்கம்தான் ஊர். பன்னிரண்டாவது முடித்துவிட்டு அந்த வேலைக்கு வந்தவள், இருபத்து மூன்று வயது இருக்கும். போன் பேசும்போது குரலை உயர்த்தவே மாட்டாள்.

அன்று ஒரு புருஷன் பேசினான். சேராப்பட்டுக்கு அப்பால் ஒரு சின்ன ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம். மனைவிக்கு முதல் பிரசவம், விடிகாலையிலிருந்து வலி, இப்போது ரத்தம் போகிறது. பொன்னி எல்லாவற்றையும் கேட்டு, படுக்க வைக்கச் சொல்லி, ஊரின் பெயரைப் பக்கத்தில் போட்டாள். முதல் வண்டிக்கு அடித்தாள். “தோ கெளம்பிட்டேன்” என்று அந்தப் பக்கம் சத்தம் எனக்கே கேட்டது. கோவிந்தன் அண்ணன். மற்ற வண்டிகள் பூட்டிக்கொண்டன.

பொன்னி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“மேடம், ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே?”

“சொல்லு.”

“அண்ணன் கீழ கச்சிராயபாளையத்துல கீறாரு. இந்த மழைல மேல ஏற ரெண்டர மணி நேரம் ஆவுங்க. சின்னப்பையன் மாமா வண்டி அவங்க பக்கத்து ஊரு. அந்தப் பொண்ணு தாங்காதுங்க மேடம், ரத்தம் போவுதுன்னு சொல்றாரு.”

“லிஸ்ட்ல அவர் இல்லையா?”

“கீறாரு. அடில கீறாரு.”

எழுந்து போய் அவள் திரையைப் பார்த்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. ஐந்து. எட்டு. பதினொன்று. கடைசிப் பக்கமாக இருபத்தேழு. தூரத்தின்படி வரிசை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் இவ்வளவு சுத்தமாக ஏறிக்கொண்டே போக முடியாது. அது தூரம் இல்லை, அது வண்டி நம்பர்.

நான் என்ன செய்திருந்தேன் என்றால், ஒவ்வொரு வண்டியின் விவரத்தையும் ஒரு பெட்டியில் போட்டு, பெட்டியின் மேல் ஸ்டாண்டு நம்பரை எழுதி, கிட்டத்து வண்டி முதலில் என்று அடுக்கி அனுப்பியிருந்தேன். சர்வரில் இருந்த பி.எச்.பி. மொழி, அடுக்கியதை அடுக்கியபடி வைத்திருக்கும். எழுத்தாக்கி அனுப்பும்போதும் வரிசை கலையாது. பிரவுசரில் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் அதைப் பிரிக்கும்போதுதான் வினை. பெட்டியின் மேல் பெயர் இருந்தால் வந்த வரிசையில் வைக்கும். வெறும் எண் இருந்தால், சின்ன எண் முதலில் என்று தானாகவே மாற்றி அடுக்கிக்கொள்ளும். யாரையும் கேட்காது. பிழைச் செய்தி எதுவும் வராது. இன்று இது உங்களுக்குப் பள்ளிக்கூடப் பாடம். அன்று எனக்கும் தெரிந்ததுதான், எங்கோ படித்ததுதான். என் பக்கத்தில் நடக்கும் என்று தோன்றவில்லை.

ஆபீஸுக்குப் போன் போட்டேன். எங்கள் முதலாளி எடுத்தார், அவரும் நிரல் எழுதுபவர்தான். விஷயத்தைச் சொன்னதும் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. “ஒரு வரிதானேம்மா. பத்து நிமிஷம் குடு, மாத்திப் போட்டுடறேன். பக்கத்த மட்டும் நிறுத்திடாத, மேலிடத்துல எல்லாம் பாத்துக்கினு கீறாங்க” என்றார்.

பத்து நிமிடம் பெரிய நேரம் இல்லை. அவர் நல்ல வேலைக்காரர், ஒன்பது நிமிடத்தில்கூட முடித்திருப்பார். ஆனால் அந்தப் பத்து நிமிடமும் பொன்னி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பக்கத்து நாற்காலியில் போன் எடுக்கும் இன்னொரு பெண்ணுக்கு வேறு அழைப்பு வந்தால் அதுவும் தப்பான வண்டிக்குத்தான் போகும். அவசரத்தில் மாற்றியது வேறு எதையாவது உடைத்துவிட்டால்? நிரலைச் சரிசெய்வது வேறு, வலியில் கிடக்கும் பெண்ணை மலையிலிருந்து கீழே கொண்டுவருவது வேறு. இரண்டும் ஒன்றுதான் என்று நினைக்க எனக்கு ஆசையாக இருந்தது, ஏனென்றால் முதல் வேலை எனக்குத் தெரிந்த வேலை.

“நிறுத்தறேன்” என்று சொல்லி வைத்துவிட்டேன். என் பக்கத்தை நானே மூடினேன். சின்னப்பையனிடம் வீம்புக்குக் காட்டினேனே, சர்வர் அனுப்பும் அந்த வெறும் எழுத்து, அதைத் திறந்தேன். வரிசை அதில் சரியாக இருந்தது, போன் நம்பரும் இருந்தது. புதுப் பிரிண்டரில் முதல் தாளாக அதுதான் வந்தது. இரண்டு படி எடுத்து இரண்டு பெண்களிடமும் கொடுத்தேன். “மேல இருக்கிறதுதான் கிட்டத்து வண்டி. ஆனா உனக்கு வேற தெரிஞ்சா உன் இஷ்டப்படி கூப்பிடு. என்னைக் கேக்காத” என்றேன்.

பொன்னி தாளைப் பார்க்கக்கூட இல்லை. சின்னப்பையன் நம்பரை ஏற்கெனவே அழுத்தியிருந்தாள். மணி போகவில்லை. நிஜமாகவே டவர் இல்லை.

அவள் ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டாள். “வெள்ளிக்கெழம… மரவள்ளி எட போடுற எடத்துல இருப்பாரு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அங்கே டீக்கடை வைத்திருந்தவருக்கு அடித்தாள். அவர் போனை எடுத்துக்கொண்டு மழையில் ஓடுவது எங்களுக்குக் கேட்டது. பிறகு சின்னப்பையன் குரல். பொன்னி விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் கத்தினார்.

“ஒண்ணாம் நம்பரையே கூப்டுங்க! இத்தினி நாளா அவருதான வந்தாரு? வண்டி நெறிய கெழங்கு மூட்ட ஏத்தி வெச்சிக்கினு கீறேன். இப்ப மட்டும் இன்னா?”

பொன்னி முகம் செத்துப்போனது. நான் போனை அவள் கையிலிருந்து வாங்கினேன். என்னிடம் சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. சர்வர், பிரவுசர், பெட்டி, எண். எல்லாம் உண்மைதான், எல்லாவற்றுக்கும் நேரம் ஆகும்.

“அண்ணே, ஷகிலா பேசறேன். அன்னிக்கு நீங்க சொன்னதுதான் சரி. தப்பு என்னோடது, தலைவரோடது இல்ல. உங்க வண்டிதான் மொதல்ல இருந்திருக்கணும்” என்றேன்.

அந்தப் பக்கம் மழைக்கு நடுவில் வண்டியின் பின்கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

“செரி வுடுங்க மேடம்” என்றார். “டேய், எறக்குங்கடா மூட்டய! ஈரத்துலயே போடு, பரவால்ல!”

அடுத்த ஒரு மணி நேரத்தில் நான் செய்ய எதுவும் இல்லை. முதலாளி பக்கத்தைச் சரிசெய்து, திறக்கவா என்று இரண்டு முறை கேட்டார். வேண்டாம் என்றேன். தாளை வைத்தே நடத்தினோம். இடையில் இன்னோர் ஊரிலிருந்து ஒரு காய்ச்சல் குழந்தைக்கு அழைப்பு வந்தது, அதற்கும் தாளைப் பார்த்தே வண்டி போனது. மூன்றரைக்குக் கோவிந்தன் அண்ணன் போன் செய்தார். வெள்ளிமலை தாண்டியதும் பாறை உருண்டு ரோட்டை அடைத்துக்கொண்டிருக்கிறது, வண்டி அதற்கு மேல் நகராது. “நான் போய்ச் சேர முடியாதும்மா” என்றபோது அவர் குரல் உடைந்திருந்தது. அவருக்குச் சின்னப்பையன் கிளம்பிய விஷயம் தெரியாது. அவரை நம்பி நாங்கள் உட்கார்ந்திருந்தால் அந்தப் பெண் அங்கேயே கிடந்திருப்பாள்.

“அண்ணே, அங்கயே நில்லுங்க. அந்தப் பக்கத்துலருந்து சின்னப்பையன் மாமா கூட்டிக்கினு வர்றாரு” என்றாள் பொன்னி.

அப்படித்தான் நடந்தது. சின்னப்பையன் அந்தப் பிள்ளைத்தாய்ச்சியைப் பாறை வரைக்கும் கொண்டுவந்தார். இரண்டு பக்கத்து ஆட்களும் சேர்ந்து கயிற்றுக் கட்டிலில் வைத்து, மண்சரிவின் மேல் தூக்கிக் கடத்தினார்கள். கோவிந்தன் அண்ணன் தலைமாட்டுக் காலைப் பிடித்தாராம், சின்னப்பையன் கால்மாட்டை. இந்த வரிசைத் தகராறில் பத்து நாளாகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர். அடிவாரத்தில் ஆம்புலன்ஸ் நின்றது. கள்ளக்குறிச்சி போய்ச் சேர்ந்து ஏழு மணிக்குள் பெண் குழந்தை. தாய்க்கு ரத்தம் ஏற்றினார்கள், பிழைத்துக்கொண்டாள். செய்தியைக் கேட்டதும் பொன்னி மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். நானும்தான் அழுதேன், அதை ஏன் மறைக்க வேண்டும்.

மறுநாள் கோவிந்தன் அண்ணன் ஆபீஸுக்கு வந்தார். நடந்ததை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். “அப்ப, என்னை மொதல்ல போட்டது மரியாதைக்கு இல்லியா?” என்றார்.

“இல்லைங்கண்ணே. கோளாறு.”

சிரித்துவிட்டார். “மூணு மாசமா இந்தக் கோளாறுக்கா நான் டீசல் ஊத்தினேன்? நல்லா இருக்கீங்கம்மா நீங்க!” என்றார். அந்த வாரம் சங்கக் கூட்டத்தில் என்னை வரச் சொல்லி, எல்லோர் முன்னாலும் நானே சொல்ல வேண்டும் என்றார். போனேன், சொன்னேன். இந்தத் தடவை கைதட்டல் இல்லை. ஆனால் சின்னப்பையன் எழுந்து வந்து எனக்கு ஒரு கலர் உடைத்துக் கொடுத்தார்.

அந்த மூன்று மாதத்து அழைப்புகளை எல்லாம் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கிட்டத்தில் வண்டி இருந்தும் காத்திருந்தவர்கள் பலர். உயிர் ஒன்றும் போகவில்லை, அது என் சாமர்த்தியம் இல்லை, அல்லாவின் கருணை. ஆனால் வலியோடு காத்திருந்த நேரம் போனது போனதுதான். அதை எந்த வரியை மாற்றியும் சரிசெய்ய முடியாது.

சரி, என்ன மாற்றினேன்? எண்ணைப் பெட்டிக்கு உள்ளே போட்டு, பெட்டிகளைப் பெயரில்லாமல் வெறும் வரிசையாக அனுப்பினேன். ஒரு வரி. நீங்கள் இப்போது பார்க்கும் நிரலில் அது இருக்கும். அதற்குப் பிறகு வாந்திக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, இருபத்தேழாம் நம்பர் வண்டியில் ஏறி, மூன்று நாள் மலை முழுக்கச் சுற்றினேன். ஒவ்வோர் ஊரிலும் நின்று போன் செய்து, அறையில் பொன்னியின் திரையில் என்ன தெரிகிறது என்று அவளையே படிக்கச் சொன்னேன். நான் எதை அனுப்பினேன் என்று அதற்குப் பிறகு பணி முடியும்வரை யாரிடமும் பெருமையாகக் காட்டியதில்லை. எது போய்ச் சேர்ந்தது என்றுதான் கேட்பேன். இந்த ஆபீஸில் உங்களை எல்லாம் அந்தக் கேள்வியால் எத்தனை முறை வதைத்திருக்கிறேன்!

அந்தப் பொத்தான் கடைசியாகச் சேர்த்தது. வரிசை சரியாகிவிட்டதே, இனி எதற்கு என்று முதலாளியே கேட்டார். வரிசை சரியாக இருந்திருந்தாலும் அன்று சின்னப்பையன் போன் எடுத்திருக்க மாட்டார். அவர் மரவள்ளி எடை போடும் இடத்தில் இருப்பார் என்பது எந்தப் பெட்டியிலும் இல்லை, பொன்னியிடம் இருந்தது. ஆள் பார்த்து வண்டி போகக் கூடாது என்று நான் பூட்டிய பூட்டு, ஆளைத் தெரிந்தவளையும் சேர்த்துப் பூட்டிவிட்டது. அதனால் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் எல்லா நம்பரும் திறந்துகொள்ளும், யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம். யார் அழுத்தினார்கள், ஏன் அழுத்தினார்கள் என்று பதிவாகும். அவ்வளவுதான். அதன் மேல் என்ன எழுதலாம் என்று பொன்னியைக் கேட்டேன். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு, “மேடம், அன்னிக்கு உங்ககிட்ட ‘எனக்குத் தெரியும்’னு ஒரு வார்த்த சொல்லணும்னு நெனச்சி பயந்துக்கினு சொல்லல, அத்தயே எழுதிடுங்க” என்றாள்.

அதைத்தான் எழுதியிருக்கிறேன்.

என் பணிக்காலத்தில் பெரிய பெரிய பக்கங்கள் எழுதியிருக்கிறேன். இரண்டு பேர் அதற்காகச் சால்வை போட்டார்கள். ஆனால் நான் செய்ததிலேயே நெஞ்சை நிமிர்த்திச் சொல்லக்கூடியது எது என்று கேட்டால், என் பக்கத்தை நானே மூடிய அந்த மத்தியானமும், அதற்குப் பிறகு சேர்த்த இந்தப் பொத்தானும்தான். மற்றவற்றை நீங்கள் என்னைவிட நன்றாகவே எழுதுவீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆக, பொத்தானை எடுக்கலாமா என்று கேட்டவருக்குப் பதில். பதிவேட்டைத் திறந்து பாருங்கள், அது எப்போதெல்லாம் அழுத்தப்பட்டிருக்கிறது என்று தெரியும். பொன்னி இப்போது அந்த அறைக்கே பொறுப்பாளர், அவளைக் கேளுங்கள். அதற்கும் முன்னால், மாத்திரை போட்டுக்கொண்டு மலைக்கு ஒரு தடவை போய்விட்டு வாருங்கள். சேராப்பட்டு தாண்டி அந்த ஊருக்குப் போனால், பள்ளிக்கூடம் விட்டு வரும் ஒரு பெண், அந்த வெள்ளிக்கிழமை பிறந்தவள், டவர் எங்கே கிடைக்கும் என்று கைகாட்டுவாள். அவள் காட்டும் இடத்தில் நின்று அறைக்குப் போன் செய்யுங்கள். பொன்னியின் திரையில் முதல் வண்டியாக எது நிற்கிறது என்று அவளையே படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டுவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.

இந்தத் தடவை போனை வைக்க மாட்டேன்.